நீலக்கல் நிச்சய மோதிரம்: எனக்குப் பிடித்திருக்கிறது, சொந்தக்காரர்களுக்குத்தான் பிடிக்கவில்லை

கொழிஞ்சாம்பாறைக்காரி:

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாகத்தான் எழுதப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். நாங்கள் சித்தூர் தாலுகா. கேரளாவில் இருக்கிறோம், வீட்டில் பேசுவது தமிழ், துணிமணிக்கும் சந்தைக்கும் பொள்ளாச்சி, ரேஷன் கார்டு மட்டும் மலையாளத்தில். மாப்பிள்ளை வீடு கோபாலபுரம் செக்போஸ்ட்டைத் தாண்டி அந்தப் பக்கம். போன மாதம் நிச்சயம் முடிந்தது.

மோதிரம் மாற்றுகிற பழக்கம் எங்கள் வீட்டில் அம்மா காலத்தில் கிடையாது. பாலக்காட்டுப் பக்கம் பார்த்துப் பார்த்து இப்போது எல்லோரும் செய்கிறார்கள், பெரும்பாலும் உள்ளே பேர் வெட்டிய அரைப் பவன் மோதிரம். நான் கேட்டது நீலக்கல். இரண்டு வருடத்துக்கு முன்னால் கோயம்புத்தூரில் கொலுசுக்குத் திருகு மாற்றக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் ஒரு பெரியவர் வெள்ளைத் தாளை மடித்து, அதில் ஒரு கல்லைப் போட்டு, சாய்த்துச் சாய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தார். டியூப் லைட்டுக்குக் கீழே அது ஏதோ கறுப்பு மணி மாதிரி இருந்தது. அவர் எழுந்து வாசல் பக்கம் போனார் பாருங்கள், சங்குப்பூவை வெந்நீரில் போட்ட மாதிரி ஒரு நீலம் உள்ளேயிருந்து வந்தது. அன்றைக்கே முடிவு செய்தேன், வாங்கினால் இதுதான் என்று.

இப்போது என் விரலில் இருப்பது இலங்கைக் கல், முட்டை வடிவம், 1.4 காரட். சூடு செய்த கல் என்று சர்ட்டிபிகேட்டிலேயே போட்டிருக்கிறது. கல்லுக்கு மாப்பிள்ளை பணம் கொடுத்தார். தங்கத்துக்கு, திருகு உடைந்து வருடக்கணக்காக மஞ்சள் டப்பாவில் கிடந்த தோட்டை அம்மாயி (அம்மாவின் அம்மா) கொடுத்தது. என்ன கல் என்று அப்போது அம்மாயி கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. தப்பு அங்கேதான் ஆரம்பித்திருக்க வேண்டும்.

நிச்சயத்தன்றே பெரிய அத்தை விரலைப் பிடித்துத் திருப்பிப் பார்த்துவிட்டு, "என்ன கண்ணு, கறுப்புக் கல்லு வாங்கியிருக்கிற?" சித்தப்பா, "நாளைக்கு விக்கப் போனா கல் எடையைக் கழிச்சிட்டுத்தான் எடுப்பான்." இதெல்லாம் பரவாயில்லை. கூட வேலை செய்கிற ஒருத்தி, "வைரம் கேட்டிருக்கலாமே, அவர் முடியாதுன்னுட்டாரா?" என்றாள். அது ரொம்ப நேரம் உறுத்தியது. அப்புறம் பக்கத்து வீட்டு அம்மா வந்து இது சனீஸ்வரன் கல் என்று அம்மாயி காதில் போட்டுவிட்டுப் போனார். நீலம் ஒத்துக்கொள்ளவில்லை என்றால் ஒரே ராத்திரியில் குடும்பத்தைச் சாய்த்துவிடும் என்று அன்றிலிருந்து பேச்சு. அப்பா வண்டி பஞ்சர் ஆனால் என் மோதிரம், பால் பொங்கி வழிந்தால் என் மோதிரம். இங்கிலாந்து இளவரசி டயானா போட்டிருந்ததும் நீலக்கல்தான் என்று நானே பெருமையாக ஒரு நாள் சொல்லி வைத்தேன். "அந்தப் பொண்ணுக்கு என்ன ஆச்சு?" என்று மாமா கேட்டார். வாயை மூடிக்கொண்டேன்.

மோதிரம் எனக்கு அவ்வளவு பிடித்திருக்கிறது. ஆனால் போன வாரம் பொள்ளாச்சி பஸ்ஸில் சொந்தக்கார அக்கா ஏறியதும் என் கட்டைவிரல் தானாகவே கல்லை உள்ளங்கைப் பக்கம் திருப்பிவிட்டது. அதைக் கவனித்ததும் என் மேலேயே எனக்குக் கோபம் வந்தது. கல்லை மாற்று என்று மட்டும் யாரும் சொல்லாதீர்கள். இப்படி வேறு கல் போட்டவர்கள் யாராவது இருக்கிறீர்களா, எப்படிச் சமாளித்தீர்கள்? அம்மாயியிடம் என்னதான் சொல்வது?

—

பழைய பட்டறை:

அம்மிணி, நான் கோயம்புத்தூரில் முப்பது வருடம் கல் கட்டியவன். கண் போனதால் இப்போது வீட்டில் இருக்கிறேன். ஜாதகம் எனக்குத் தெரியாது, கல்லைப் பற்றிச் சொல்கிறேன்.

முதலில் அத்தை சொன்ன "கறுப்பு". இரும்பு கூடுதலாக இருக்கிற கல் ராத்திரி வெளிச்சத்தில் இருண்டுதான் போகும், ஆஸ்திரேலியக் கல் பல அப்படித்தான். உங்களுடையது பகலில் நீலம் விடுகிறது என்றால் அது நல்ல கல், மண்டபத்து வெளிச்சத்தைக் குறை சொல்லுங்கள். இன்னொன்று, கல்லுக்குப் பின்னால் எண்ணெயும் சோப்பும் அடைந்தாலும் கல் செத்த மாதிரி ஆகும். வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவுகிற சோப்பு ஒரு சொட்டு விட்டு, குழந்தைகள் பல் தேய்க்கிற பிரஷ்ஷால் அடிப்பக்கத்தைத் தேயுங்கள். மேலே தேய்த்துப் பயனில்லை, அழுக்கு அடியில்தான்.

சித்தப்பா கணக்குக்கு வருவோம். ஒரு காரட் என்பது 200 மில்லிகிராம். 1.4 காரட் என்றால் 280 மில்லிகிராம், கால் கிராமுக்குக் கொஞ்சம் மேலே. அவர் கழிக்கிற எடை அவ்வளவுதான். ஆனால் ஒரு உண்மையையும் சொல்லிவிடுகிறேன், கல்லுக்குக் கொடுத்த காசு திரும்ப வராது. கடையில் தங்கத்துக்கு மட்டும் விலை போடுவான், கல்லைக் கையில் கொடுத்து அனுப்புவான். சின்ன வைரத்துக்கும் கிட்டத்தட்ட இதே கதைதான், வாங்கின கடையிலேயே மாற்றினால் கொஞ்சம் தேறும். விற்கிறதற்காக வாங்கியிருந்தால் சித்தப்பா சொல்வது சரி. நிச்சய மோதிரத்தை விற்கிற யோசனையில் யார் வாங்குகிறார்கள்?

உறுதி: கடினத்தை அளக்கிற மோஸ் அளவில் வைரம் 10, நீலம் 9. நம் ஊர்த் தூசியில் இருக்கிற மணல் 7. அதனால் தினமும் போடலாம், கீறல் விழாது. வைரத் தோடு கூட ஒரே டப்பாவில் மட்டும் போட்டு வைக்காதீர்கள், வைரம் நீலத்தைக் கீறும். வருடத்துக்கு ஒரு முறை கொக்கி தளர்ந்திருக்கிறதா என்று பார்க்கக் கொடுங்கள். 22 காரட் தங்கத்தில் கொக்கி போட்டிருந்தால் சீக்கிரம் வளையும், 18 என்றால் நிற்கும்.

சூடு செய்த கல் என்றால் ஏதோ போலி என்று யாராவது சொல்வார்கள், இப்போதே சொல்லி வைக்கிறேன். சந்தையில் வருகிற நீலத்தில் முக்கால்வாசி சூடு பட்டதுதான். இலங்கையில் பால் மாதிரி வெளுத்துக் கிடந்த கெவுடா கல்லை ஒரு காலத்தில் ஒன்றுக்கும் ஆகாது என்று ஒதுக்கி வைத்திருந்தார்கள். 1970களில் தாய்லாந்துக்காரர்கள் அதை வாங்கிப் போய்ச் சுட்டு நீலமாக்கினார்கள். அது நிலைத்த நிறம், போகாது. பயப்பட வேண்டியது கண்ணாடி நிரப்பிய கல்லுக்கு. எலுமிச்சைச் சாறு பட்டாலே அதன் மேல் வெள்ளைக் கோடு விழும். உங்களிடம் சர்ட்டிபிகேட் இருக்கிறது, அதில் நிரப்பியதாக எழுதியிருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்துவிடுங்கள், போதும்.

அம்மாயிக்குச் சொல்ல ஒன்று தருகிறேன். மாணிக்கமும் நீலமும் ஒரே கல். ஒரே அலுமினியம் ஆக்சைடு. குரோமியம் சேர்ந்தால் சிவந்து மாணிக்கம் ஆகும், இரும்பும் டைட்டானியமும் சேர்ந்தால் நீலம். மாணிக்கத்தைச் சூரியனுக்கும் நீலத்தைச் சனிக்கும் வைத்தார்கள். சனி யாருடைய மகன்? சூரியனுடைய மகன்தானே. ஆராய்ச்சிக்கூடம் இல்லாத காலத்தில் எப்படித்தான் இப்படிப் பொருந்தியதோ.

—

மார்த்தாண்டம்_அக்கா:

மக்களே, வைரம் கேட்டிருக்கலாமே என்று சொன்னவளுக்கு ஒரு பதில். எங்கள் பக்கம் சர்ச்சில் மோதிரம் போடுவது தலைமுறையாக உண்டு, எங்கள் அம்மாவுக்கு வெறும் தங்க வளையம்தான். நிச்சயம் என்றால் வைரம் என்கிற பேச்சே விளம்பரத்தால் வந்தது. டி பியர்ஸ் கம்பெனி "வைரம் என்றென்றைக்கும்" என்று எழுதிப் பரப்பியது 1947இல்தான். நம் ஊரில் வைரம் மூக்குத்தியிலும் ஏழு கல் தோட்டிலும் இருந்தது, நிச்சய மோதிரமாக விரலுக்கு இறங்கியதெல்லாம் நேற்றைய கதை.

எனக்குப் போட்டது வைடூரியம், அதுவும் கேதுவின் கல்! எங்களவர் வேலை பார்த்தது திருவனந்தபுரத்தில், அந்த மாவட்டத்து மண்ணிலேயே வைடூரியம் கிடைக்கும், அதனால் அவருக்கு அதுதான் வேண்டும். மாமியார் ஒரு வருடம் முகம் கொடுக்கவில்லை. நான் விளக்கம் சொல்லிச் சொல்லி ஓய்ந்தேன். நாம் எவ்வளவு விளக்குகிறோமோ அவ்வளவுக்குக் கேள்வி வரும். கடைசியில் ஒரே பதிலை வைத்துக்கொண்டேன்: "எனக்குப் பிடிச்சு எடுத்தது." சொல்லிவிட்டு உடனே "உங்க வளையல் எங்க எடுத்தது?" என்று கேட்டுவிடுவேன். பாதிப் பேர் அங்கேயே வளையல் கதைக்குப் போய்விடுவார்கள்.

உள்ளங்கைப் பக்கம் திருப்பியது எனக்கும் நடந்தது. அதற்கு மருந்து, வீட்டில் சும்மா இருக்கும்போதும் போட்டுக்கொண்டே இருப்பது. விசேஷத்துக்கு மட்டும் போட்டால் அது விசேஷமாகத்தான் தெரியும். வெங்காயம் நறுக்குகிற கையில் தினமும் பார்த்தால் யாருக்கும் சொல்ல ஒன்றும் இருக்காது.

—

செங்கோட்டை_மாமா:

எல்லோரும் அந்தப் பாட்டியை எப்படி மடக்குவது என்றே யோசிக்கிறீர்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. அந்தக் காலத்தில் கல் வாங்கினால் சிவப்புத் துணியில் முடிந்து தலையணைக்கு அடியில் மூன்று ராத்திரி வைத்து, கனவு எப்படி வருகிறது என்று பார்த்துத்தான் போடுவார்கள். நீலத்துக்கு மட்டும் இல்லை, வைரத்துக்கும் அந்தப் பயம் உண்டு. கறுப்புப் புள்ளி இருந்தால் ஆகாது, சிவப்புப் புள்ளி இருந்தால் ஆகாது என்று எங்கள் பெரியம்மா வைரத் தோட்டை இரண்டு தடவை திருப்பிக் கொடுத்தாள். பேத்தி மேல் இருக்கிற அக்கறைதான் அந்தப் பயமாக வருகிறது. விஞ்ஞானம் சொல்லி அதை அடித்தால் கிழவி இன்னும் இறுகிவிடும்.

ஆகவே சாஸ்திரத்தாலேயே பதில் சொல்லுங்கள். சனிப் பிரீதிக்கு நீலம் போடுகிறவர்கள் நடுவிரலில், சனிக்கிழமை, கல்லின் அடி தோலில் படும்படி போடுவார்கள். நீங்கள் போட்டிருப்பது மோதிர விரலில், அலங்காரத்துக்கு. இது பரிகாரக் கல்லே இல்லை என்று சொல்லிப் பாருங்கள். அதற்கும் சமாதானம் ஆகாவிட்டால் பாட்டியைக் கூட்டிக்கொண்டு ஒரு சனிக்கிழமை பக்கத்து சாஸ்தா கோயிலுக்குப் போய்த் தேங்காய் மூடியில் எள் எண்ணெய் விட்டு நீராஞ்சனம் ஏற்றிவிட்டு வாருங்கள். கேரளாவில் இருந்துகொண்டு சனிக்கு வழி தேடுகிறீர்களே!

அப்புறம் ஒரு சந்தேகம். கார்த்திகை மாதம் நீல வேட்டி கட்டினால் சாமி என்று காலில் விழுகிறோம், அதே நீலத்தை விரலில் போட்டால் மட்டும் சனியா?

—

சும்மா_பார்க்கிறவன்:

டயானா மோதிரத்தை 2010இல் அவருடைய மகன் வில்லியம், தான் கட்டிக்கொள்ளப்போகிற பெண்ணுக்குப் போட்டார், அந்த அம்மா இன்றைக்கும் அதைத்தான் போட்டிருக்கிறார். இதை மாமாவிடம் சொல்லுங்கள். 1981இல் அதை வாங்கியபோதும் கேட்லாக்கில் இருக்கிற மோதிரத்தை இளவரசிக்குப் போடுவதா, யார் வேண்டுமானாலும் வாங்கலாமே என்று முணுமுணுத்தார்களாம். 12 காரட் கல்லுக்கே அந்தப் பேச்சு, உங்கள் 1.4 எந்த மூலைக்கு.

—

கொழிஞ்சாம்பாறைக்காரி:

எல்லோருக்கும் நன்றி. பட்டறை ஐயா, நீங்கள் சொன்ன மாதிரி அடிப்பக்கம் தேய்த்தேன், நிச்சயத்தன்று கையில் பூசின சந்தனம் இன்னும் உள்ளே உட்கார்ந்திருந்தது! தண்ணீர் கலங்கிப் போனது. கல் இப்போது வேறு கல் மாதிரி இருக்கிறது. சர்ட்டிபிகேட்டிலும் பார்த்துவிட்டேன், சூடு மட்டும்தான், நிரப்பவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அம்மாயி திண்ணையில் உட்கார்ந்து புளி கொட்டை எடுத்துக்கொண்டிருந்தது. பக்கத்தில் போய் உட்கார்ந்து, கையைத் திருப்பாமல் நானும் எடுத்தேன். வெயில் சரியாக என் கையில் விழுந்தது. ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், "எந்தோட்டுத் தங்கம் எது இதுல?" என்றது. எல்லாமே அதுதான் அம்மாயி என்றேன். விரலைப் பிடித்து வளையத்தை மட்டும் தடவிப் பார்த்தது, கல்லைத் தொடவில்லை.

சரி, நேரம் நன்றாக இருக்கிறது என்று நினைத்து, சூரியன் கல்லும் சனி கல்லும் ஒண்ணுதானாம், அப்பனும் மகனும் மாதிரி என்று எடுத்துவிட்டேன். "அதனாலதான் ரெண்டு பேருக்கும் ஆகறதில்ல" என்றது. அதற்கு என்னிடம் பதில் இல்லை ஐயா, உங்களிடம் இருந்தால் எழுதுங்கள்.

நடுவிரல் விஷயம் மட்டும் வேலை செய்தது, செங்கோட்டை மாமாவுக்குப் புண்ணியம். விரலை எண்ணிப் பார்த்துவிட்டு, "அப்ப சனிக்கிழமை மட்டும் கழட்டி வெச்சிரு, மத்த நாளு என்னமோ பண்ணு" என்று தீர்ப்பு. எங்கள் வீட்டில் வாரத்துக்கு மாவு ஆட்டுகிறது சனிக்கிழமைதான், எப்படியும் அன்றைக்குக் கழட்டத்தான் போகிறேன். அதை நான் அம்மாயியிடம் சொல்லவில்லை.