பொருள்: மறு: டூல்டிப், டிராப்டவுன் மெனு – கலைச்சொல் வேண்டும்

நண்பர்களுக்கு வணக்கம்.

வலைப்பக்க வடிவமைப்புப் பாடநூலின் மெய்ப்பு வெள்ளிக்கிழமைக்குள் அச்சுக்குப் போக வேண்டும் என்பதால், டூல்டிப், டிராப்டவுன் மெனு ஆகியவற்றுக்குத் தமிழ்க் கலைச்சொற்களாக இதுவரை வந்த பரிந்துரைகளைப் பற்றி என் கருத்தை எழுதிவிடுகிறேன்.

கீழ்நோக்கி விரியும் பட்டியலான டிராப்டவுன் மெனுவுக்கு 'விரிபட்டி' என்பதைப் பெரும்பாலோர் ஏற்றுள்ளனர், எனக்கும் உடன்பாடே. அதை 'விரிப்பட்டி' என்று எழுத வேண்டாம். விரிந்த, விரிகின்ற, விரியும் என முக்காலமும் கரந்து நிற்கும் வினைத்தொகை இது. ஊறுகாய், சுடுகாடு போல இங்கும் வல்லினம் மிகாது. 'பட்டி' என்றால் மாட்டுத்தொழுவம்தானே என்று ஐயா ஒருவர் மறுத்திருந்தார். கலித்தொகையில் 'சிறுபட்டி' குறும்புக்காரனைக் குறிக்கிறது; அதே சொல் ஊர்ப்பெயர்களின் ஈறாகவும் வழங்குகிறது. எங்கும் எவரும் குழம்பியதில்லை.

ஆனால் படிவத்தில் பிறந்த மாதத்தைத் தேர்ந்தெடுக்கும் பெட்டியையும் விரிபட்டி என்றே அழைப்பது சரியன்று. அதுவும் கீழ்நோக்கி விரிகிறது என்றாலும், அது ஒரு மதிப்பைப் பெற்றுக்கொள்வது. பட்டியோ ஒரு செயலைத் தொடங்குவது அல்லது வேறு பக்கத்துக்கு இட்டுச்செல்வது. பார்வையற்றோருக்குத் திரையில் உள்ளதைப் படித்துக்காட்டும் திரைவாசிப்பான் இரண்டையும் வெவ்வேறாக அறிவிக்கும்போது பாடநூல் ஒன்றாக்கிவிடக் கூடாது. அதற்குத் 'தெரிவுப்பெட்டி' போதும்.

என் மாறுபாடு டூல்டிப் பற்றியது. அதற்குப் பரிந்துரையாக வந்த 'சுட்டிக்குறிப்பு' என்பது கேட்டவுடன் விளங்குகிறது என்பதை மறுக்கவில்லை. வட்டு வடிவப் பொத்தானின் மேல் சுட்டியை (மவுஸ்) வைத்தால் 'சேமி' என்று ஒரு சிறு பெட்டி எழுகிறது. மாணவர் முதலில் காண்பது அதைத்தான். ஆயினும் விசைப்பலகையின் டேப் விசையால் அதே பொத்தானுக்கு வருபவருக்கும் அந்தப் பெட்டி தோன்ற வேண்டும். அவர் கையில் சுட்டியே இல்லை. 2018இல் வெளியான வலை உள்ளடக்க அணுகல்தன்மை வழிகாட்டுதல்களின் 2.1ஆம் பதிப்பு, இப்படித் தோன்றும் உரையைச் சுட்டியையோ குவியத்தையோ (விசைப்பலகையால் வந்து நிற்கும் இடம்) நகர்த்தாமலே மூட முடிய வேண்டும் என்றும், சுட்டியை அவ்வுரையின் மேலேயே கொண்டுசென்றாலும் அது மறையக் கூடாது என்றும், பயனர் விலகும்வரை நிலைத்திருக்க வேண்டும் என்றும் வகுத்திருக்கிறது. சுட்டியைப் பெயரிலேயே பொதிந்துவிட்டால், அதற்கு மட்டுமே நிரல் எழுதினால் போதும் என்று மாணவர் எண்ணிவிடுவார். ஆகவே பயன் நோக்கிக் 'குறுவிளக்கம்' என்று பெயரிடுவோம்.

அது எந்தச் சிறு விளக்கத்தையும் குறிக்குமே என்ற எதிர்வாதத்தில் நியாயம் உண்டு. முதன்முறை 'குறுவிளக்கப் பெட்டி' என்று எழுதி, பிறகு சுருக்கிக்கொள்ளலாம். பெரும்பான்மை 'சுட்டிக்குறிப்பு' பக்கமே நின்றால் பாடநூலில் அதையே இடுகிறேன். என் மறுப்பு இங்கே பதிவாகட்டும்.

சுட்டி ஒன்றின் மேல் நிற்பதைக் குறிக்கும் ஹோவர் மட்டும் இன்னும் முடிவாகவில்லை. அது சுட்டிக்கே உரிய நிலை என்பதால் 'சுட்டிநிலை' எனலாமா, 'மேல்நிற்றல்' எனலாமா? வியாழன் இரவுக்குள் எழுதுங்கள்.