ஃபஸி சேர்ச்: அண்ணளவுத் தேடலா, நெகிழ்தேடலா?

வெள்ளவத்தையிலிருந்து:

வணக்கம். பழைய பத்திரிகைப் பக்கங்களைத் தேடும் இடைமுகத்தில் ஒரு பொத்தானுக்குப் பெயர் வேண்டும். ஆங்கிலத்தில் ஃபஸி சேர்ச்: ஓரிரு எழுத்து மாறிக் கிடந்தாலும் சொல்லைக் கண்டெடுக்கிற வசதி. "மங்கல் தேடல்" எனக்கு ஒப்பவில்லை. மைக்ரோபிலிமிலிருந்து எடுத்த பக்கங்களில் மங்கலுக்குக் குறைவில்லை. மங்கிய பக்கங்களைத் தேடித்தரும் பொத்தான் என்றே ஆட்கள் நினைப்பார்கள். "அண்மித்த தேடல்" சரிவருமா?

கொட்டாஞ்சேனையிலிருந்து:

> "அண்மித்த தேடல்" சரிவருமா?

வராது தம்பி. 'தலைமன்னார்', 'புயல்' இரண்டும் பத்துச் சொல்லுக்குள் வருகிறதா என்று பார்க்கும் ப்ரொக்ஸிமிட்டி சேர்ச் இருக்கிறதே, "அண்மை" அதற்குத்தான் பொருந்தும். அதை இங்கே செலவழித்துவிட்டால் பிறகு அதற்குச் சொல் இராது.

பெயர் வைக்க முன்னர் அது செய்கிற வேலையைப் பாருங்கள். 1964 டிசம்பர் 22–23 புயலைப் பழைய வீரகேசரியிலோ தினகரனிலோ தேடுகிறோம் என்று வையுங்கள். அந்தக் கால அச்சில் லை துதிக்கையோடு இருக்கும். னாவும் பழைய வடிவம். அச்சுப் படத்தை எழுத்தாக மாற்றும் மென்பொருளான எழுத்துணரி முன்னதை 'லே' என்றும் பின்னதை 'னு' என்றும் வாசித்துவிடும். 'தலைமன்னார்' என்பது 'தலேமன்னுர்' ஆகிவிடும். 'ஆனால்' எல்லாம் 'ஆனுல்' ஆவதும் இதனால்தான். நேர்த் தேடலில் ஒன்றும் அகப்படாது. லெவன்ஸ்தீன் என்ற கணிதவியலாளர் 1965இல் வகுத்த கணக்குப்படி ஒரு குறியைச் சேர்த்தாலோ நீக்கினாலோ மாற்றினாலோ இரு சொற்களுக்கிடையே தொலைவு 1. இங்கே இரண்டு மாற்றம், தொலைவு 2. லூசீன் என்ற தேடல் மென்பொருள் அனுமதிக்கும் உச்ச எல்லையும் 2தான், மயிரிழையில் தப்புகிறது.

ஆக இது அளவெடுத்துச் செய்கிற வேலை. பள்ளிக்கூடக் கணிதத்தில் நாம் படித்த "அண்ணளவு" இதற்கு அப்படியே பொருந்தும். அண்ணளவுத் தேடல்.

பம்பலப்பிட்டியிலிருந்து:

அண்ணளவு நமக்குச் சரி. தமிழ்நாட்டு வாசகருக்குத் தோராயம் என்றால்தான் விளங்கும். "நெகிழ்தேடல்" என்றால் இரு கரைக்கும் பொது, பொத்தானிலும் அடங்கும்.

இன்னொன்று: லூசீன் எண்ணுவது ஒருங்குறி (யூனிகோட்) குறியீடுகளை, நம் எழுத்துகளை அல்ல. 'கண்டி' மூன்று எழுத்து, குறியீடு ஐந்து. லூசீன்மேல் இயங்கும் எலாஸ்டிக்சேர்ச்சில் பிழை எல்லையைத் தானியங்கியாக விட்டால் 3 முதல் 5 வரையான நீளத்துக்கு 1 பிழை, அதற்கு மேல் 2. கண்டியைக் கேட்டால் வண்டி, கட்டி, கண்டு எல்லாம் வந்து குவியும். குட்டிச் சொற்களுக்கு எல்லையைக் கையால் 0 ஆக்க ஒரு வழி வையுங்கள். 'கொ'வின் கொம்பையும் காலையும் சேர்த்து ஒரே குறியீடாகவும் எழுதலாம், பிரித்து இரண்டு குறியீடாகவும் எழுதலாம். அட்டவணைப்படுத்த முன்னர் ஒரே வடிவாக்காவிட்டால் அதிலேயே எல்லை தீர்ந்துவிடும்.

கொட்டாஞ்சேனையிலிருந்து:

நெகிழ்தேடல் காதுக்கு இதம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எது நெகிழ்கிறது? 'தலைமன்னாரிலிருந்து' என்ற வேற்றுமை வடிவத்தையும் அது பிடிக்கும் என்று வாசகர் நம்புவார். பிடிக்காது, தொலைவு 2ஐத் தாண்டிவிட்டது. அதற்குச் சொல்லின் தொடக்கத்தை மட்டும் பொருத்தி மீதியை எதுவாகவும் விடும் நட்சத்திரக் குறிதான், அதுவும் புள்ளியில்லாமல்: 'தலைமன்னார*'. 'தலைமன்னார்*' என்று போட்டால் 'தலைமன்னாரில்' வராது, புள்ளி இருந்த இடத்தில் இகரக் குறி வந்துவிடுகிறது. கொழும்புக்கும் அப்படியே, 'கொழும்ப*'. இதற்குத் "தொடக்கத் தேடல்" என்று தனிப்பெயர் வைக்கலாம். நெகிழ்தேடல் என்ற பெயர் இரண்டையும் ஒன்றாக்கிக் குழப்பும்.

வெள்ளவத்தையிலிருந்து:

சரி அண்ணை, பொத்தானில் "அண்ணளவுத் தேடல்". சுட்டியை மேலே வைத்தால் "தோராயமாக ஒத்த சொற்களும்" என்ற குறிப்பு. பக்கத்தில் "பிழை எல்லை: 0, 1, 2". ப்ரொக்ஸிமிட்டிக்கு "அண்மைத் தேடல்", நட்சத்திரத்துக்குத் "தொடக்கத் தேடல்".

ஒடுங்கிய பத்தியில் 'தலைமன்' ஒரு வரியிலும் 'னார்' அடுத்த வரியிலும் உடைந்து கிடந்தால் இந்த மூன்றும் உதவாது. அதற்கு 1964 டிசம்பர் 23 தொடக்கம் இதழ் இதழாகப் பார்க்க வேண்டியதுதான். அந்த ப்ரௌஸ் பொத்தானுக்கு "உலாவல்" வேண்டாம், உலாவியோடு மயங்கும். "நாள்வழிப் புரட்டல்" என்று போடுகிறேன், மறுப்பிருந்தால் சொல்லுங்கள்.