புதுப்பிப்பு: 200 ரூபாய்க்குள் மனைவிக்குப் பூ

மனைவி பிறந்தநாளுக்கு 200 ரூபாய்க்குள் என்ன பூ கொடுக்கலாம் என்று முன்பு கேட்டிருந்தேனே, அதற்கான பதில். பாதிப் பேர் ரோஜா பொக்கே என்றீர்கள், மீதிப் பேர் மல்லிகை வகையான பிச்சிப்பூ என்றீர்கள். பிச்சிதான் ஜெயித்தது.

பொக்கேயில் பூவைவிடப் பளபளத் தாளுக்கும் ரிப்பனுக்கும்தான் காசு போகிறது. அதனால் நாகர்கோவிலிலிருந்து காலையில் திருநெல்வேலிக்கு வரும் நண்பனிடம் சொல்லி, வழியில் தோவாளைப் பூச்சந்தையில் உதிரிப்பூவாக எடை போட்டு வாங்கிவரச் சொன்னேன். முழக் கணக்கில் சரமாக வாங்கினால் கட்டுகூலியும் சேர்ந்துவிடும். முகூர்த்த நாளில் மட்டும் போய்விடாதீர்கள், விலை எகிறிவிடும். மார்கழிப் பனியில் வரத்து குறைந்தாலும் அதே கதைதான். அவள் பிறந்தது ஆடி மாதம், கல்யாணமே கிடையாது, அதுவும் இந்தத் தடவை புதன்கிழமை, வெள்ளிக்கிழமை கோயில் கூட்டமும் இல்லை (இதற்காகவே மாமனாருக்கு நன்றி சொல்லலாம்).

மொட்டாகவே வாங்குங்கள், சாயங்காலம் தானாக விரியும். ஈரத்துணியில் சுற்றி வைத்தால் போதும், தண்ணீர் தெளித்து ஊற வைத்தால் பழுத்துவிடும். வாழைநாரை நனைத்துக்கொண்டு நானே கட்டினேன். "ஏங்க, இது நீங்க கட்டுனதா? இவ்வளவு இடைவெளி விட்டிருக்கீங்க" என்று சிரித்தாள், ஆனாலும் பிரித்துக் கட்டாமல் அப்படியே வைத்துக்கொண்டாள்.

அப்புறம், மிச்சக் காசுக்கு அல்வா வாங்கச் சொன்ன அண்ணாச்சிக்கு: வாங்கினேன், கால் கிலோவுக்குப் பத்தவில்லை, நூறு கிராம்தான்.