‘காதேனா’வுக்குத் தமிழில் என்ன சொல்வது?

குழுவினருக்கு வணக்கம்.

வெனிசுலாவின் அதிபராக இருந்த ஊகோ சாவேஸ் பற்றிய நீண்ட கட்டுரை ஒன்றை மொழிபெயர்க்கிறேன், வெள்ளிக்கிழமை கொடுத்தாக வேண்டும். மூன்று நாளாக ‘காதேனா’ என்ற ஒரே சொல்லில் நிற்கிறேன். ஸ்பானிய மொழியில் சங்கிலி என்று பொருள். அதிபர் பேசத் தொடங்கினால் நாட்டிலுள்ள எல்லா வானொலியும் தொலைக்காட்சியும், தனியாருடையதானாலும் சரி, தங்கள் நிகழ்ச்சியை நிறுத்திவிட்டு அவரையே காட்ட வேண்டும். சேனலை மாற்றினாலும் அதே முகம்தான். ‘தொடர் ஒளிபரப்பு’ என்று போட்டால் சீரியல் என்று நினைப்பார்கள். 1999இல் தொடங்கி ஞாயிறுதோறும் மணிக்கணக்கில் சாவேஸ் நடத்திய ‘அலோ பிரெசிதெந்தே’ என்ற நிகழ்ச்சி வேறு. அது அரசுத் தொலைக்காட்சியில் வந்தது, பிடிக்காதவர்கள் வேறு சேனலுக்குப் போனார்கள். இதில் போக இடமே இல்லை. அது சொல்லில் வர வேண்டும். உதவுங்கள்.

— சேலத்திலிருந்து

—————

தம்பி, ‘அலைத்தளை’ என்று போடுங்கள். அலை என்பது வானலை. யாப்பில் நின்ற சீரையும் வரும் சீரையும் இணைப்பது தளை, கால்விலங்கும் தளை. நிலையங்கள் ஒன்றோடொன்று பிணைக்கப்படுவதையும் கேட்பவன் கட்டுண்டு கிடப்பதையும் வேறு எந்தச் சொல் ஒருசேரச் சொல்லும்? சங்கப் பாட்டில் மொட்டு மலர்வதைத் ‘தளையவிழ்தல்’ என்பார்கள், அதனால் உரை முடிந்து சேனல்கள் விடுபடுவதற்கும் ‘தளையவிழ்ந்தது’ என்றே எழுதிவிடலாம். தளைக்கும் தாழுக்கும் வேர் ஒன்று என்பது என் நெடுநாள் எண்ணம். ‘அன்பிற்கும் உண்டோ அடைக்குந்தாழ்’ என்பதில் வரும் தாழைத்தான் சொல்கிறேன். அதைப் பற்றி விரிவாகத் தனியே எழுதுகிறேன்.

— மதுரையிலிருந்து

—————

> அலைத்தளை என்று போடுங்கள்

ஐயா, மன்னிக்க வேண்டும். இன்று வகுப்பில் பலகையில் எழுதிப் பார்த்தேன். பாதிப் பேர் ‘அலைத்தலை’ என்று படித்தார்கள், மீதிப் பேர் கடல் சம்பந்தப்பட்டதா என்று கேட்டார்கள். இன்னொன்று, ஸ்பானிய மொழியில் நிலையங்களின் வலையமைப்புக்கும் காதேனா என்றுதான் பெயர், அங்கே அது புழங்கித் தேய்ந்த சாதாரணச் சொல். தளை என்றால் நாம் தீர்ப்பையும் சேர்த்து எழுதிவிடுகிறோம். சாவேசுக்கு முன்னிருந்த அதிபர்களும் இதைப் பயன்படுத்தியவர்கள்தான்.

தனியார் சேனல்களும் சும்மா இருக்கவில்லை. 2002 ஏப்ரல் 11இல் தலைநகர் கராகஸில் எதிர்ப்பு ஊர்வலம் அதிபர் மாளிகையை நோக்கி வந்தபோது சாவேஸ் காதேனாவில் பேசிக்கொண்டிருந்தார். அந்தச் சேனல்கள் திரையை இரண்டாகப் பிளந்து, ஒரு பாதியில் அவர் முகத்தையும் மறுபாதியில் தெருவில் நடந்த கலவரத்தையும் காட்டின. கவிழ்ப்பில் அவர் தற்காலிகமாகப் பதவி இழந்த பிறகு ஆதரவாளர்கள் தெருவுக்கு வந்தபோதோ, அதைக் காட்டாமல் கார்ட்டூன் போட்டன. இரண்டு பக்கமும் திரையை ஆயுதமாக்கிய கதையில் ஒரு பக்கத்துக்கு மட்டும் விலங்கு மாட்டக் கூடாது.

‘கட்டாய ஒளிபரப்பு’ போதும். கட்டாயம் என்பது வசை இல்லை, வானொலி, தொலைக்காட்சி பற்றிய அந்நாட்டின் 2004ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே இருக்கிறது. 2007இல் உரிமம் புதுப்பிக்கப்படாமல் கேபிளுக்குப் போன ஆர்.சி.டி.வி. என்ற தனியார் சேனல், காதேனாவைக் காட்டவில்லை என்று 2010 ஜனவரியில் அங்கிருந்தும் நீக்கப்பட்டது.

— கோவையிலிருந்து

—————

அக்கா சொல்வது சரி. ஆனால் ‘கட்டாய ஒளிபரப்பு’ என்பதில் எல்லா நிலையமும் ஒரே நேரத்தில் என்பது விட்டுப்போகிறதே? ‘அனைத்தலைவரிசைக் கட்டாய ஒளிபரப்பு’ என்று எழுதிப் பார்த்தேன், வாயில் நுழையவில்லை. தனிமடலில் எழுதிய நால்வரில் மூவர் அக்கா பக்கம். முதல் இடத்தில் ஒரு வரி விளக்கத்தோடு ‘காதேனா எனும் கட்டாய ஒளிபரப்பு’, அப்புறம் வெறும் ‘காதேனா’ என்று முடித்து அனுப்புகிறேன். எல்லோருக்கும் நன்றி.

— சேலத்திலிருந்து

—————

என் மறுப்பு இந்த இழையில் இருக்கட்டும். தளையை விட்டுவிடுங்கள், ‘ஒளிபரப்பு’ என்றதும் வானொலி வெளியே போய்விட்டதை ஒருவரும் கவனிக்கவில்லையே? தொலைக்காட்சியை அணைத்துவிட்டு பஸ் ஏறியவனுக்கும் ஓட்டுநரின் ரேடியோவில் அதே குரல்தான் கேட்டிருக்கும். அவனுக்கு எது ஒளி?

— மதுரையிலிருந்து