கிளாக்கோமா சொட்டு மருந்து 15 நாளில் தீருது, எங்கே தப்பு?

தஞ்சைவாசி:
அப்பாவுக்கு 64 வயசு, கிளாக்கோமா (கண் நரம்பு கெட்டுப் பார்வை குறையுற நோய்). டைமோலால் காலை, இரவு ரெண்டு கண்ணிலும். லாட்டனோப்ரோஸ்ட் ராத்திரி மட்டும். 5 மில்லி டைமோலால் பாட்டில் 15 நாள்தான் வருது. விட்டதும் தொண்டை கசக்குதாம். "பார்வையில ஒரு மாற்றமும் இல்லையே, எதுக்கு இது?"ன்னு வேற கேக்கிறார்.

கண்ணாடிக்காரர்:
மில்லிக்கு 20 சொட்டுன்னு குறைச்சே வச்சாலும் பாட்டிலில் 100 சொட்டு. தினம் 4 போனா 25 நாள் வரணும். உங்க கணக்குப்படி 15 நாளுக்கு 60 சொட்டுதான் தேவை, மிச்சம் 40 கன்னத்தில் வழியுது. கண்ணு ஒரு முழுச் சொட்டையே தாங்காது. மிச்சம் மூக்கோரத்துக் கண்ணீர்த் துவாரம் வழியா தொண்டைக்கு இறங்கும். கசப்பு அதுதான்.

கையைக் கழுவிட்டு அவரை மல்லாக்கப் படுக்க வைங்க. கீழ் இமையை இழுத்தா சின்னப் பை மாதிரி தெரியும். மேலே பார்க்கச் சொல்லி அதுக்குள்ள ஒரே சொட்டு. பாட்டில் நுனி இமைமுடியில்கூடப் படக்கூடாது. பிறகு கண்ணை மெதுவா மூடி, மூக்கை ஒட்டின கண்ணோரத்தை விரலால் 2 நிமிஷம் அழுத்தணும். பலர் டப் டப்னு சிமிட்டுவாங்க; அது பம்பு அடிக்கிற மாதிரி, மருந்து வெளியேறிடும். ராத்திரி ரெண்டு மருந்துக்கும் நடுவில் 5 நிமிஷம் விடுங்க.

மாற்றம் தெரியாதுதான். போன பார்வையை இந்த மருந்து கொண்டுவராது, இருக்கிறதைக் காக்கும். முதலில் போறது ஓரப் பார்வை, அதையும் மறு கண் ஈடுகட்டிடும். ஓரப் பார்வையை அளக்கிற ஃபீல்டு டெஸ்ட் படத்தில் கறுத்திருக்கிற இடத்தை டாக்டரை விட்டு அவருக்குக் காட்டச் சொல்லுங்க. உங்களுக்கு 40 வயசு ஆயிருந்தா நீங்களும் கண்ணைச் சோதிச்சுப் பாருங்க. கண் பிரஷர் 21க்குள்ள இருக்குன்னு விட்டுடாம, கண் பாப்பாவை விரிச்சு உள்ளே நரம்பையும் பார்க்கணும்.

மருந்துக்கடை மணி:
பாட்டில் மேல திறந்த தேதியை எழுதுங்க. 4 வாரம் ஆனா மிச்சம் இருந்தாலும் தூக்கிப் போடணும். லாட்டனோப்ரோஸ்ட் அட்டையில் 2–8 டிகிரின்னு இருந்தா வாங்கினதும் ஃபிரிட்ஜில் வைங்க, ஃப்ரீசரில் இல்லை.

ஒரு கேள்வி: அப்பாவுக்கு இளைப்பு, ஆஸ்துமா உண்டா? தொண்டைக்கு இறங்கும் டைமோலால் ரத்தத்தில் கலந்து மூச்சுக்குழாயைச் சுருக்கும், நாடித்துடிப்பையும் குறைக்கும்.

தஞ்சைவாசி:
இன்ஹேலர் எடுக்கிறார். கண்ணுக்கும் நெஞ்சுக்கும் என்ன சம்பந்தம்னு கண் டாக்டர்கிட்ட சொல்லலை.

மருந்துக்கடை மணி:
அடுத்த சொட்டு விடுறதுக்கு முன்னாடி கண் டாக்டருக்குப் போன் போடுங்க. வேற மருந்து மாத்தித் தருவார். இப்பவே மூச்சு வாங்குதுன்னா போனுக்குக் காத்திருக்காம நேரா அவசரப் பிரிவு, பாட்டிலையும் கையோட எடுத்துட்டுப் போங்க.