இரண்டு பக்கமும் தரகு வாங்குகிறவரிடம் வீட்டைக் கொடுக்கலாமா?

உவர்மலை மாஸ்டர் (மாலை 6.05)
நேற்று நம் திருகோணமலைப் பக்கத்தில் சாம்பல்தீவான் எழுதிய ஒரு வரி இரவு முழுக்க என்னைத் தூங்க விடவில்லை. வீடு விற்க நல்ல தரகர் யார் என்று ஒரு பிள்ளை கேட்டது. அதற்கு இவர் எழுதுகிறார்: "ஒருவரைப் பிடித்து அவரிடமே விட்டுவிடு. அவர் வீடு வாங்குகிறவனிடமும் தரகு வாங்கினால் உனக்கு என்ன நட்டம்?"

என்ன நட்டமா? கேளுங்கள்.

போன வருடம் என் வீட்டை விற்க ஒருவரைப் பிடித்தேன். பெயர் வேண்டாம். கக்கத்தில் பைல், வாய் நிறைய 'ஐயா'. நான் சொன்ன விலை 3 கோடி. ஒருநாள் ஒரு குடும்பத்தைக் கூட்டி வந்தார். அவர்கள் மேல்மாடி பார்க்கப் போய்விட்டார்கள். இவர் கிணற்றுக்கட்டில் இருந்து, என் மனைவி கொடுத்த பிளேன்டீயைக் குடித்துக்கொண்டு போனில் பேசுகிறார். நான் குசினி ஜன்னலடியில் நிற்கிறேன். "மாஸ்டருக்கு மகளின் கலியாணம் வருது, ஆள் அந்தரத்தில நிற்கிறார், 10 லட்சம் குறைச்சுக் கேளுங்கோ, இறங்குவார்." மறுமுனையில் யார்? வாங்க வந்தவரின் அண்ணன், காசு போடுகிற ஆள்!

தரகு 3 வீதம், இரண்டு பக்கமும். 3 கோடிக்கு விற்றால் அவருக்குப் பக்கத்துக்கு 9 லட்சம், மொத்தம் 18 லட்சம். 10 லட்சம் குறைந்தால் எனக்கு 10 லட்சம் போச்சு. அவருக்கு? பக்கத்துக்கு 30 ஆயிரம், இரண்டு பக்கமும் சேர்த்து 60 ஆயிரம். அந்த 60 ஆயிரத்துக்காக இன்னும் இரண்டு மாதம் வெயிலில் அலைவாரா, இல்லை என்னை இறக்கி நாளைக்கே கையெழுத்து வாங்குவாரா? பாலுக்கும் காவல் பூனைக்கும் தோழன் என்பது இதுதான்.

சாம்பல்தீவான் (6.31)
மாஸ்டர், கணக்கு சரி. வாத்தியார் கணக்கில் பிழை விடுவாரா. ஆனால் ஒரு கேள்வி: மகளின் கலியாண விசயத்தைத் தரகருக்குச் சொன்னது யார்? நானா? தரகரிடம் விலையைச் சொல்லலாம், வீட்டுக் கதையை ஏன் சொன்னீர்கள்?

அலஸ்தோட்டத்தில் அப்பாவின் காணி, பாலையூற்றில் அக்காவின் வீடு, இரண்டையும் ஒரே தரகர்தான் விற்றுத் தந்தார். இரண்டு பக்கமும் தரகு வாங்கினார். கேட்ட விலை கிடைத்தது. வாங்குகிறவன் தன் காசைக் கொடுக்கிறான், எனக்கு என்ன?

உவர்மலை மாஸ்டர் (6.38)
"வாங்குகிறவன் தன் காசைக் கொடுக்கிறான்." தம்பி, வாங்குகிறவனுக்கு எத்தனை சட்டைப்பை? வீட்டுக்கு ஒன்று, தரகுக்கு ஒன்று, பத்திரம் எழுதும் நொத்தாரிசுக்கு ஒன்றா? அவன் கையில் இருப்பது ஒரே தொகை. தரகருக்கு 9 லட்சம் போகும் என்று தெரிந்தால் என் விலையில்தான் அந்த 9 லட்சத்தைக் குறைத்துக் கேட்பான். ஆக, இரண்டு பக்கத் தரகும் நான்தான் கொடுக்கிறேன்.

உப்புவெளி புரோக்கர் (6.52)
நான் தரகர்தான், மறைக்கவில்லை. ஒரு வீட்டுக்கு 14 பேரைக் கூட்டிப் போவேன். அதில் 10 பேர் ஞாயிற்றுக்கிழமை பொழுது போகாமல் வருகிறவர்கள். குளியலறைக் குழாயைத் திறந்து பார்ப்பார்கள், மாமரத்தைக் கேட்பார்கள், போய்விடுவார்கள். பெற்றோல் யாருடையது?

பிறகு விற்கிறவர்களின் சாமர்த்தியம். ஒரே வீட்டை ஐந்து தரகருக்கு ஐந்து விலையில் சொல்வார்கள். ஐந்தும் விளம்பரமாக வரும். வாங்குகிறவன் ஐந்தையும் பார்த்துவிட்டு எல்லாவற்றிலும் குறைந்ததற்கும் கீழே கேட்பான். அப்புறம் நான் கூட்டிப் போன ஆளிடமே இரவில் போன் எடுத்து, "புரோக்கரை வெட்டிவிட்டு நாங்கள் பேசுவோம்" என்பார்கள். இப்படி ஒரு பக்கம் ஏமாற்றினால் மற்றப் பக்கமாவது மிஞ்சட்டும் என்றுதான் இரண்டு பக்கமும் வாங்குகிறோம்.

உவர்மலை மாஸ்டர் (6.55)
ஒப்புக்கொண்டுவிட்டார். எல்லோரும் வாசியுங்கள். இரண்டு பக்கமும்!

உப்புவெளி புரோக்கர் (6.57)
ஒப்புக்கொள்ள இதென்ன களவா?

கந்தோர்க்காரன் (7.10)
நான் ஒரு நொத்தாரிசிடம் வேலை செய்கிறேன். ஒன்றைத் தெளிவாக்கினால் நல்லது. ஆளைக் கொண்டுவந்து சேர்க்கிறவர் தரகர். உங்களுக்காக நின்று விலை பேசுகிறவர் முகவர். நீங்கள் பிடிப்பது இதில் யாரை என்று முதலில் ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். தரகு எத்தனை வீதம், எப்போது கொடுப்பது, எத்தனை மாதம் வீடு அவர் கையில் மட்டும், எல்லாம் அதில் வரட்டும். முற்பணம் கைமாறும்போது தரகு கொடுக்க வேண்டாம், உறுதி, அதாவது காணிப் பத்திரம், எழுதும் அன்று கொடுங்கள்.

தரகர் உங்களிடம் முதலில் என்ன கேட்கிறார் என்று பாருங்கள். விலையை மட்டும் கேட்டால் விட்டுவிடுங்கள். உறுதி, பிளான், சோலை வரி (வீட்டு வரி) ரசீது இவற்றைக் கேட்கிறவர் வேலை தெரிந்தவர். பெர்மிட் காணியா, அதாவது அரசாங்கம் அனுமதிப்பத்திரத்தில் கொடுத்த காணியா என்றும் கேட்பார், ஏனென்றால் அதைப் பிரதேச செயலாளரின் அனுமதி இல்லாமல் விற்க முடியாது. வீட்டைப் பார்த்து ஆசைப்பட்டு முற்பணமும் கொடுத்தபின் பெர்மிட் என்று தெரிந்து அழுதவர்களைக் கந்தோர் வாசலில் பார்த்திருக்கிறேன்.

சாம்பல்தீவான் (7.14)
கந்தோர்க்காரன் சொல்வதெல்லாம் சரி. ஆனால் இரண்டு பக்கமும் வாங்கக் கூடாது என்று அவர் சொல்லவில்லை, கவனித்தீர்களா மாஸ்டர்?

உவர்மலை மாஸ்டர் (7.16)
வாங்கலாம் என்றும் சொல்லவில்லை.

ரொறன்ரோ மகள் (7.40)
இங்கே ஒன்ராறியோவில் ஒரே ஏஜென்ட் இரண்டு பக்கமும் நிற்பதென்றால் இரண்டு பேரிடமும் எழுத்தில் சம்மதம் வாங்க வேண்டும். ஊரில் எல்லாம் வாய்ப்பேச்சு. அப்பாவின் வீட்டை விற்க, எனக்குப் பதிலாக இன்னொருவர் கையெழுத்து வைக்கும்படி நான் அற்றோர்ணித் தத்துவம் அனுப்பியிருந்தேன். தரகர் பிடித்துத் தந்த ஆளும் என்னைப்போலக் கனடாப் பாஸ்போர்ட். முற்பணம் வரை போனபின்தான் தெரிந்தது, அவருக்கு இரட்டைக் குடியுரிமை இல்லை. 2014 ஆம் ஆண்டின் 38 ஆம் இலக்கச் சட்டப்படி வெளிநாட்டவர் பெயரில் காணி எழுத முடியாது. மூன்று மாதம் வீண். 18 பேர்ச் காணி, அதாவது 4,900 சதுர அடி, ரோட்டோரம்...

பாலையூற்றுப் பொடியன் (7.44)
அக்கா, இது ஒன்ராறியோ இல்லை, திருகோணமலை. இங்கே பேர்ச்சில் பேசினால் போதும், சதுர அடிக்கு மாற்றித் தர வேண்டாம்.

ரொறன்ரோ மகள் (7.47)
நீ பிறக்க முதல் நான் இந்துக் கல்லூரி வீதியில் சைக்கிள் ஓடினவள். எனக்குப் பேர்ச் சொல்லித் தராதே.

உவர்மலை மாஸ்டர் (7.49)
அந்தத் தரகர் இரண்டு பக்கமும் வாங்க இருந்தவரா, பிள்ளை? அதைச் சொல்லுங்கள்.

ரொறன்ரோ மகள் (7.51)
அது எனக்குத் தெரியாது சேர். கேட்கவில்லை.

உவர்மலை மாஸ்டர் (7.52)
பார்த்தீர்களா. கேட்கவில்லை. அதுதான் நடக்கிறது.

உப்புவெளி புரோக்கர் (8.05)
மாஸ்டர், உங்கள் வீட்டு விளம்பரம் எனக்கு ஞாபகம் இருக்கிறது. "கடல் தெரியும் வீடு" என்று போட்டிருந்தது. நான் ஒரு ஆளோடு வந்து பார்த்தேன். எங்கே கடல்? தண்ணீர்த் தொட்டிக்கு மேலே ஏறினால் துறைமுகத்தில் ஒரு துண்டு தெரிந்தது. வந்த ஆள் கோபித்துக்கொண்டு போனார். வீடு விற்காததற்குத் தரகர் காரணமா, கடல் காரணமா?

உவர்மலை மாஸ்டர் (8.09)
துறைமுகம் கடல் இல்லையா? அந்தத் தண்ணீர் உப்பா, கிணற்றுத் தண்ணியா?

பாலையூற்றுப் பொடியன் (8.11)
சேர், கடல் என்றால் ஆள்கள் நினைப்பது உப்புவெளி, நிலாவெளி. மணல், அலை. உட்துறைமுகத்தைப் பார்த்துக் கடல் என்று சொன்னால் எண்ணெய்த் தாங்கி தெரிகிற சீனக்குடா வீட்டையும் கடல் வீடு என்று விற்கலாம்.

உவர்மலை மாஸ்டர் (8.15)
உலகத்தில் பேர் பெற்ற இயற்கைத் துறைமுகம். அதற்காக ஒல்லாந்தரும் பிரெஞ்சுக்காரரும் ஆங்கிலேயரும் அடிபட்டார்கள். உனக்கு அது கடல் இல்லை. நிலாவெளியில் ஹோட்டல்காரன் கட்டி வைத்த நீச்சல்குளம்தான் உனக்குக் கடல்.

சாம்பல்தீவான் (8.20)
போன மாதம் மீன் விலை விவாதத்திலும் இப்படித்தான் ஒல்லாந்தர் வந்தார்கள். மாஸ்டர், நீங்கள் தரகரைத் திட்டுகிறீர்கள், ஆனால் "கடல் தெரியும்" என்று எழுதியது தரகரா, நீங்களா?

உவர்மலை மாஸ்டர் (8.22)
நான் எழுதிக் கொடுத்தேன், அவர் போட்டார். மீன் விலையில் நான் சொன்னதுதான் கடைசியில் சரியாக வந்தது, அதையும் பாருங்கள்.

சாம்பல்தீவான் (8.23)
வரவில்லை.

கந்தோர்க்காரன் (8.40)
ஒரு விசயம், யாரும் கேட்காவிட்டாலும். முத்திரை வரி வீடு வாங்குகிறவர் தலையில்: முதல் 1 லட்சத்துக்கு 3 வீதம், மிச்சத்துக்கு 4 வீதம். 3 கோடிக்கு 11 லட்சத்து 99 ஆயிரம். இதோடு தரகு 9 லட்சம், நொத்தாரிசுக் கட்டணம். வாங்குகிறவர் இதையெல்லாம் கூட்டிப் பார்த்துத்தான் உங்கள் விலைக்கு வருவார். விற்கிறவருக்கு, விற்ற லாபத்தின் மேல், மூலதன ஆதாய வரி இருக்கிறது, 2018 ஏப்ரலில் இருந்து. தான் குடியிருக்கும் வீடாக இருந்து, 3 வருடம் சொந்தமாக வைத்து அதில் 2 வருடமாவது இருந்திருந்தால் விலக்கு உண்டு. இதைச் சொல்லித் தருகிற தரகரைப் பிடியுங்கள்.

உவர்மலை மாஸ்டர் (8.43)
கந்தோர்க்காரன் தம்பி தன்னை அறியாமல் என் கட்சிக்கு வந்துவிட்டார். "கூட்டிப் பார்த்துத்தான் வருவார்." தரகும் அதில் இருக்கிறது. அப்போ இரண்டு பக்கத் தரகும் யார் தலையில்?

கந்தோர்க்காரன் (8.45)
நான் எந்தக் கட்சியும் இல்லை. எழுதிக் கையெழுத்து வாங்குங்கள் என்று சொன்னதை யாராவது வாசித்தீர்களா?

உப்புவெளி புரோக்கர் (8.58)
மாஸ்டருக்குக் கடைசியாக ஒன்று. ஒரு பக்கம் மட்டும் வாங்குகிறேன் என்று ஒரு தரகர் வந்தால் அவருக்கு எத்தனை வீதம் கொடுப்பீர்கள்? 5?

உவர்மலை மாஸ்டர் (9.01)
2.

உப்புவெளி புரோக்கர் (9.02)
அப்போ கேற்றில் போர்டைத் தொங்கவிட்டு நீங்களே விற்றுக்கொள்ளுங்கள் ஐயா.

சாம்பல்தீவான் (9.04)
போர்டு ஏற்கனவே தொங்குகிறது. டொக்யார்ட் வீதிக்குப் போகும்போது பார்த்தேன். "தரகர்கள் வேண்டாம்" என்று சிவப்பில். மழைக்கு 'வேண்டாம்' கரைந்துபோய் "தரகர்கள்" மட்டும் நிற்கிறது.

உவர்மலை மாஸ்டர் (9.20)
போர்டை நாளைக்கு எழுதுவிப்பேன். ஆனால் என் கேள்விக்கு இன்னும் ஒருவரும் பதில் சொல்லவில்லை. பக்கத்துக்கு 30 ஆயிரம். நன்றாக யோசியுங்கள். பக்கத்துக்கு 30 ஆயிரம்.

பாலையூற்றுப் பொடியன் (9.33)
சேர், வீடு இன்னும் இருக்கிறதா? என் மச்சானுக்கு ஒரு வீடு தேவை. ஆனால் கடல் தெரிய வேண்டும்.

உவர்மலை மாஸ்டர் (9.36)
தெரியும். காலையில் படம் எடுத்துப் போடுகிறேன்.

உப்புவெளி புரோக்கர் (9.37)
தொட்டிக்கு மேலே ஏறாமல் எடுங்கள்.