‘தாத்தா வீடு’ குழுவில் கார்த்திக்கின் கார்

சனி, காலை 7:48
கார்த்திக்: மாமா, எழுந்துவிட்டீர்களா? கார் ஒரு வாரமாகப் படுத்துகிறது. சிக்னலில் நிற்கும்போது குலுங்குகிறது, இரண்டாவது கியரில் மிதித்தால் பிக்கப் சுத்தமாக இல்லை, பின்னால் கறுப்பாகப் புகை. நேற்று செக் இன்ஜின் லைட்டும் வந்துவிட்டது. ஒர்க்‌ஷாப்பில் ஸ்கேனர் போட்டுப் பார்த்தார்கள், பி0402 என்ற பிழைக் குறியீடு (கோடு) வந்தது. புகையை இன்ஜினுக்குத் திருப்பிவிடும் ஈஜிஆர் வால்வு போய்விட்டது, புதிது போட்டால் 14 ஆயிரம் ஆகும், இல்லையென்றால் 500 ரூபாய்க்கு ஒரு பிளேட் வைத்து அந்த வழியை அடைத்துத் தருகிறேன் என்கிறார் மெக்கானிக்.

7:55
முருகேசன் மாமா: அடைக்க வேண்டாம் மாப்ளே. வண்டியை அங்கே விட்டிருந்தால் முதலில் எடுத்துக்கொண்டு வந்துவிடு.

7:56
கார்த்திக்: வீட்டில்தான் நிற்கிறது மாமா. 2016 மாடல் டீசல், 92 ஆயிரம் கிலோமீட்டர்.

8:10
முருகேசன் மாமா: சரி. பி0402 என்றால் புகைவாயு தேவைக்கு மேல் இன்ஜினுக்குள் திரும்பி வருகிறது என்று அர்த்தம். வால்வு செத்துவிட்டது என்று அந்தக் கோடு சொல்லவில்லை. பத்தில் எட்டு வண்டியில் கரி ஒட்டி, வால்வு முழுசாக மூடாமல் பாதியில் நின்றிருக்கும். டிப்போவில் முப்பது வருடம் நான் பார்த்த வேலை இது. கழற்றிக் கழுவிப் பார்க்காமல் யாரும் புது வால்வு வாங்கக் கூடாது.

8:14
செல்வி அக்கா: மாமா, அது என்ன புகையைத் திரும்ப இன்ஜினுக்குள்ளேயே விடுவது? வெளியே போக வேண்டியதுதானே.

8:31
முருகேசன் மாமா: நல்ல கேள்விம்மா. காற்றில் 78 சதவீதம் நைட்ரஜன். அது பாட்டுக்குச் சும்மா இருக்கும், ஆனால் சிலிண்டருக்குள் சூடு எல்லை மீறினால் ஆக்சிஜனோடு சேர்ந்து நைட்ரஜன் ஆக்சைடு ஆகிவிடும், நுரையீரலைப் புண்ணாக்குகிற வாயு. எரிந்து முடிந்த புகையில் ஆக்சிஜன் குறைவு, அதில் கொஞ்சத்தைத் திருப்பிவிட்டால் எரியும் சூடு தணிந்து அந்த வாயு குறைகிறது. இதுதான் ஈஜிஆர் வேலை. கரி எப்படி வருகிறது என்றால், டீசல் புகையில் இருக்கும் மசியும் இன்ஜினுக்குள்ளிருந்து வரும் ஆயில் ஆவியும் காற்று உள்ளே போகும் வழியான இன்டேக்கில் ஒன்றாகச் சேர்கின்றன. தனித்தனியாக இருந்தால் இரண்டும் போய்விடும், சேர்ந்தால் பிசின் மாதிரி ஒட்டிக்கொள்ளும்.

8:34
அம்மா: சமையலறை எக்ஸாஸ்ட் ஃபேனில் பிடிக்கும் பிசுக்கு மாதிரியா தம்பி?

8:35
முருகேசன் மாமா: அதேதான் அக்கா. எண்ணெய் ஆவியும் புகையும் சேர்ந்த பிசுக்கு.

8:41
கார்த்திக்: பிளேட் போட்டால் கரியே வராது, பொல்யூஷன் டெஸ்டிலும் பாஸ் ஆகும் என்று அவர் அடித்துச் சொல்கிறார் மாமா.

8:58
முருகேசன் மாமா: பாஸ் ஆகும்தான். நம் ஊரில் டீசல் வண்டிக்கு அந்த டெஸ்டில் புகை எவ்வளவு அடர்த்தி என்றுதான் பார்க்கிறார்கள், நைட்ரஜன் ஆக்சைடை அளப்பதில்லை. மிஷினுக்குத் தெரியவில்லை என்பதால் வாயு இல்லாமல் போய்விடாது. வெயிலில் அது ஓசோன் உருவாகவும் காரணமாகும், நம் மதுரை வெயிலில் கேட்கவே வேண்டாம். செல்வி பையனுக்கு வீசிங், அவன் தினமும் ஸ்கூல் வாசலில் நிற்பதே இந்த மாதிரி வண்டிகளுக்குப் பின்னால்தான். நம் வீட்டு வண்டி அந்தக் காற்றைக் கெடுக்க வேண்டாம். சட்டப்படியும் தப்பு, மோட்டார் வாகனச் சட்டம் 190ஆம் பிரிவில் காற்று மாசுக்கு 10,000 ரூபாய் வரை அபராதம் இருக்கிறது.

9:02
செல்வி அக்கா: தம்பி, பிளேட் வேண்டாம்டா. கழுவவே செய்.

9:05
ரவி சித்தப்பா: டேங்கில் ஊற்றும் கிளீனர் பாட்டில் விற்கிறதே, அது போதாதா?

9:12
முருகேசன் மாமா: போதாது ரவி. டீசல் நேராக சிலிண்டருக்குள்தான் பீய்ச்சப்படுகிறது, ஈஜிஆர் வழிக்கு அது வருவதே இல்லை. டேங்கில் ஊற்றுவது டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டரைத்தான் தொடும். இன்ஜினை ஓடவிட்டு ஏர் பைப்பில் ஸ்ப்ரே அடிப்பதையும் வீடியோவில் காட்டுவார்கள், டீசல் வண்டியில் யாரும் செய்துவிடாதீர்கள். அடிக்கிற திரவமே எரிபொருளாகி, ஆக்ஸிலேட்டருக்குக் கட்டுப்படாமல் இன்ஜின் ஏறிவிடும்.

ஞாயிறு, காலை 6:50
கார்த்திக்: மாமா, கரியைக் கரைக்கும் கார்ப் கிளீனர் ஸ்ப்ரே இரண்டு டின், கையுறை, மாஸ்க், பழைய டூத் பிரஷ், இணைப்பில் கசியாமல் வைக்கும் புது கேஸ்கெட் எல்லாம் ரெடி. இன்ஜின் இரவு முழுக்க ஆறியிருக்கிறது.

6:58
முருகேசன் மாமா: சபாஷ். பேட்டரி நெகட்டிவ் கழற்றிவிடு. வால்வுக்கு ஒயர் வந்து சேரும் கப்ளரை, லாக்கை அழுத்தி எடு, ஒயரைப் பிடித்து இழுக்காதே. உன் மாடலில் இன்ஜினைக் குளிர்விக்கும் கூலன்ட் ஹோஸ் வால்வோடு சேர்ந்து வருகிறதா என்று முதலில் பார், வந்தால் அங்கேயே நிறுத்திவிட்டு எனக்குப் படம் அனுப்பு.

7:40
கார்த்திக்: ஹோஸ் இல்லை மாமா. போல்ட் இரண்டும் வந்துவிட்டது. (படம்) பாருங்கள், கட்டைவிரல் போக வேண்டிய ஓட்டையில் பென்சில்தான் போகிறது. மேலே பொரபொரவென்று காய்ந்திருக்கிறது, விரலால் அழுத்தினால் உள்ளே தார் மாதிரி பிசுபிசு. வால்வு தட்டு மூடும் விளிம்பில் பட்டாணி அளவு ஒரு கட்டி உட்கார்ந்திருக்கிறது.

7:44
முருகேசன் மாமா: அந்தக் கட்டிதான் மாப்ளே. அது இருக்கும்வரை வால்வு எப்படி மூடும்? இனி நிதானமாகச் செய். வால்வைத் திறந்து மூடும் மோட்டார் இருக்கும் பக்கத்தை மேலே தூக்கிப் பிடித்து, கரி இருக்கும் பக்கம் மட்டும் நனையும்படி அடி. மோட்டாருக்குள் ஒரு சொட்டு இறங்கினாலும் அப்புறம் நிஜமாகவே 14 ஆயிரம்தான். அடித்துவிட்டு 20 நிமிடம் ஊறவிடு. ஸ்க்ரூ டிரைவர் வேண்டாம், ஐஸ்கிரீம் குச்சியால் சுரண்டு, விளிம்பில் கீறல் விழுந்தால் வால்வு ஒழுகும். தட்டை நெம்பித் திறக்காதே, உள்ளே பிளாஸ்டிக் பல் சக்கரம் இருக்கும். வெட்டவெளியில் உட்கார், பக்கத்தில் விளக்கு, பீடி எதுவும் கூடாது.

7:46
அம்மா: துளசி மாடத்து விளக்கை இப்போதுதான் ஏற்றினேன். மலையேற்றிவிடுகிறேன்.

8:35
கார்த்திக்: இரண்டு தடவை ஊறவிட்டாயிற்று, உலோகம் தெரிகிறது. விரலால் லேசாக அழுத்தினால் தட்டு போய் தானாகவே திரும்புகிறது. இன்டேக் பைப் வாயிலும் அரை இஞ்சுக்கு அடை மாதிரி இருக்கிறதே, அதையும் எடுக்கவா?

8:39
முருகேசன் மாமா: கைக்கு எட்டும் வரை மட்டும் எடு. முதலில் உள்பக்கம் துணியை அடைத்துக்கொள், எத்தனை துணி வைத்தாய் என்று எண்ணிக்கொள், துணியின் நுனி வெளியே தெரிய வேண்டும். ஒரு கட்டி உள்ளே விழுந்தால் இன்ஜினுக்குத்தான் போகும். ஸ்ப்ரே அங்கே நேராக அடிக்காதே, பிரஷில் அடித்துத் தேய். பழைய கேஸ்கெட்டைத் திரும்பப் போடாதே.

10:20
கார்த்திக்: இரண்டு துணி வைத்தேன், இரண்டும் வெளியே. ஸ்டார்ட் செய்தேன், முதலில் ஒரு நிமிடம் கொஞ்சம் புகை, அப்புறம் இல்லை. ஐடில் 800 ஆர்பிஎம்மில் ஆடாமல் நிற்கிறது மாமா! ஆனால் லைட் இன்னும் எரிகிறது.

10:26
முருகேசன் மாமா: எரியும். நாளை ஸ்கேனரில் கோடை அழித்துவிட்டு, ஈஜிஆர் அடாப்டேஷன் செய்யச் சொல். கரியோடு இருந்தபோது மூடிய நிலை எது என்று கம்ப்யூட்டர் தப்பாகக் கற்றுவைத்திருக்கும், இப்போது புதிதாகக் கற்றுக்கொள்ள வேண்டும். இதைச் செய்யாமல் விட்டுத்தான் பலர் கழுவியும் பலனில்லை என்கிறார்கள்.

10:33
செல்வி அக்கா: மாமா, எங்கள் வண்டி 2021 டீசல், அதையும் கழற்றிவிடலாமா?

10:45
முருகேசன் மாமா: வேண்டாம்மா, தொந்தரவு இல்லாததைத் தொடாதே. 2020 ஏப்ரலில் இருந்து வந்தவை பிஎஸ்6 மாசு விதிப்படி செய்தவை, ஈஜிஆரோடு மசியைப் பிடிக்கும் டிபிஎஃப் ஃபில்டரும் இருக்கும், வீட்டில் வைத்துச் செய்யும் வேலை இல்லை. ஒன்று மட்டும் பார், கூலன்ட் அடிக்கடி குறைந்து வெள்ளைப் புகை வந்தால் ஈஜிஆர் கூலர் ஒழுகலாம், உடனே காட்டிவிடு.

திங்கள், இரவு 8:15
கார்த்திக்: கோடு அழித்து அடாப்டேஷனும் ஆயிற்று மாமா. இரண்டாவது கியரில் பழைய இழுப்பு வந்துவிட்டது. மறுபடியும் கரி பிடிக்காமல் இருக்க என்ன செய்வது?

8:32
முருகேசன் மாமா: உன் ஓட்டம் என்ன? காலையில் ஸ்கூல் இரண்டரை கிலோமீட்டர், சாயங்காலம் கடைத்தெரு, மற்ற நேரம் சிக்னலில் நிற்பது. மெதுவாக, பாரமில்லாமல் ஓடும்போதுதான் ஈஜிஆர் அதிகம் திறக்கும், நன்றாக மிதித்தால் மூடிக்கொள்ளும். இன்ஜின் சூடேறுவதற்குள் வீடு வந்துவிடுகிறது, அந்த ஈரத்தில்தான் மசி ஒட்டுகிறது. ஸ்கூலுக்கு ஸ்கூட்டி போதும். வாரம் ஒரு தடவை அரைமணி நேரம் நான்கு வழிச்சாலையில் நான்காவது கியரில் 2500 ஆர்பிஎம் விடாமல் ஓட்டு. ஆயிலும் கம்பெனி சொன்ன கிரேடே போடு, நாள் தள்ளாதே.

8:36
கார்த்திக்: அப்படியென்றால் இந்த ஞாயிறு திண்டுக்கல்லுக்கே வந்துவிடுகிறேன் மாமா, 60 கிலோமீட்டருக்கு மேல் ஒரே ஓட்டம் கிடைக்கும். அம்மாவையும் கூட்டி வருகிறேன்.

8:38
முருகேசன் மாமா: வா மாப்ளே. அத்தை இப்போதே மீன் சொல்லிவிட்டாள். வந்ததும் பானட்டைத் திறக்க வேண்டாம், சாப்பிட்டு இன்ஜின் ஆறட்டும், அப்புறம் அந்த கேஸ்கெட் ஓரத்தில் கறுப்பாகக் கசிகிறதா என்று நானே டார்ச் அடித்துப் பார்க்கிறேன்.